ஓரா-01795: 'இன்' லிஸ்ட் ஆயிரத்தைத் தாண்டினால் என்ன செய்வது?

#1 கொள்ளிடம்

வணக்கம். ஆரக்கிள் 19சி, ஜாவா, ஹைபர்நேட். இருப்பு ரிப்போர்ட்டில் பயனர் ஒரு எக்செல் ஃபைலை ஏற்றுவார். அதில் இருக்கும் பொருள் எண்களுக்கு மட்டும் இருப்பு காட்ட வேண்டும். ஃபைலில் 6,240 எண்கள். அப்படியே 'இன்' லிஸ்டில் வைத்தால் ஓரா-01795 (லிஸ்டில் ஆயிரத்துக்கு மேல் கூடாது என்ற எரர்) வருகிறது. ஆயிரம் ஆயிரமாக வெட்டி 'ஆர்' போட்டு ஒட்டியதும் எரர் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட் மெதுவாகிவிட்டது, வேறு கிளைகளின் இருப்பும் கலந்து வருகிறது. குவெரியின் சாரம்:

வேர் கிளை = 7 அண்ட் பொருள் இன் (1,000 எண்) ஆர் பொருள் இன் (1,000 எண்) ஆர் …

இதே கோட் இன்னோரிடத்தில் எஸ்கியூஎல் சர்வர் மேல் ஓட வேண்டும். அங்கே 2,100 பேராமீட்டருக்கு மேல் கூடாது என்று வேறு எரர். இரண்டுக்கும் ஒத்துவரும் வழி இருக்கிறதா?

#2 தறிக்காரன்

முதலில் கிளை கலப்பதைச் சரிசெய்யுங்கள் நண்பரே, வேகம் பிறகு. 'அண்ட்' எப்போதும் 'ஆர்'-ஐ முந்திக்கொண்டு பிணையும். நீங்கள் எழுதியதை ஆரக்கிள் இப்படித்தான் படிக்கிறது: கிளை 7-இல் முதல் ஆயிரம் பொருள், அல்லது எந்தக் கிளையானாலும் அடுத்த ஆயிரம் பொருள். எல்லாத் துண்டுகளையும் சுற்றி ஒரு வெளி அடைப்புக்குறி வேண்டும்:

வேர் கிளை = 7 அண்ட் (பொருள் இன் (…) ஆர் பொருள் இன் (…) ஆர் …)

இந்த வெட்டும் ஃபங்ஷனை 'நாட் இன்'-க்கும் யாராவது அழைக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். அங்கே துண்டுகளை 'அண்ட்' கொண்டுதான் இணைக்க வேண்டும். 'ஆர்' போட்டால் எல்லாப் பொருளும் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் முதல் துண்டில் இருக்கும் எண் இரண்டாம் துண்டில் இருக்காது. எரர் எதுவும் வராது, தப்பான கணக்குதான் வரும்.

மெதுவாவதற்கு வருவோம். எண்ணிக்கை மாறும்போதெல்லாம் குவெரியின் எழுத்து மாறுகிறது. எழுத்து மாறினால் ஆரக்கிளுக்கு அது புதுக் குவெரி: மறுபடி ஹார்ட் பார்ஸ் (முதலிலிருந்து அலசிப் புதுப் பிளான் போடுவது), ஷேர்ட் பூலில் (குவெரிகளை வைத்திருக்கும் நினைவகத்தில்) இன்னொரு இடம். எண்களை நேரடியாக எழுத்தில் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு குவெரி. நீங்கள் அனுப்புவது டேட்டா. அதைக் குவெரியின் எழுத்துக்குள் திணித்து அனுப்புகிறீர்கள். அதை டேட்டாவாகவே அனுப்ப ஆரக்கிளில் மூன்று வழி:

ஒன்று, குளோபல் டெம்பரரி டேபிள். டேபிளை ஒரே முறை, இன்ஸ்டால் செய்யும்போது உருவாக்குங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் உருவாக்கி அழிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ரெக்கார்டுகள் அந்தந்த செஷனுக்கு மட்டும் தெரியும். 6,240 எண்களையும் ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) பேட்ச்சாக, 1,000 வீதம், 7 சுற்றில் இன்சர்ட் செய்து ஜாயின் போடுங்கள்.

இரண்டு, கலெக்ஷன் டைப். எண்களின் டேபிள் டைப் ஒன்றை உருவாக்கி, முழு லிஸ்டையும் ஒரே பைண்டாக (குவெரியில் இடம் மட்டும் விட்டு, தனியாக அனுப்பும் மதிப்பாக) அனுப்பி, குவெரியில் டேபிள் ஃபங்ஷனால் விரிப்பது. 6 எண்ணோ 6,000 எண்ணோ, குவெரி எழுத்து ஒன்றுதான்.

மூன்று, 12.1.0.2 முதல் இருக்கும் ஜேசன் டேபிள். எண்களை ஒரு ஜேசன் அரேயாக க்ளாபில் (நீண்ட எழுத்துக்கான டைப்பில்) அனுப்பி அங்கே பிரித்துக்கொள்ளலாம். டைப் உருவாக்க அனுமதி கிடைக்காதவர்களுக்கு இது நல்லது.

உங்கள் அளவுக்கு இரண்டாவது போதும்.

#3 வெண்கலம்

ஒரு குறுக்கு வழி இருக்கிறதே. ஜோடியாக எழுதினால் ஆயிரம் வரம்பு கிடையாது: (பொருள், 0) இன் ((101, 0), (102, 0), …). ஆரக்கிள் ஆவணத்திலேயே, ஜோடிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. 23ஏஐ-யில் சாதாரண லிஸ்டின் வரம்பும் 65,535 ஆகிவிட்டது.

#4 தறிக்காரன்

இரண்டும் உண்மைதான். இன்று மாலைக்குள் ரிப்போர்ட் போயாக வேண்டும் என்றால் ஜோடி எழுத்தைப் போடலாம், ஆனால் கோடில் நிலைக்க விடாதீர்கள். வரம்பு தூரப் போனாலும் பார்ஸ் செலவு அப்படியேதான் இருக்கும். ஆறாயிரம் பைண்டைப் பார்ஸ் செய்து பிளான் போடுவதற்கே நேரம் போகும்போது டேபிளைத் தொடும் வேலை இன்னும் தொடங்கியே இருக்காது.

#5 கொள்ளிடம்

நன்றி, அடைப்புக்குறி போட்டதும் கிளைக் கலப்பு நின்றது. தயாரிப்பு ஸ்கீமாவில் டைப் உருவாக்க டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) உடனே அனுமதி தரமாட்டார். சோதனை ஸ்கீமாவில் டெம்பரரி டேபிள் மட்டும் உருவாக்கிப் பார்த்தேன். இன்சர்ட் 6,240 என்று சொல்கிறது, அடுத்த வரியிலேயே ஜாயின் பூஜ்ஜியம் ரெக்கார்டு தருகிறது. எங்கே போயின?

#6 மணிமுத்தாறு

ஆட்டோகமிட் (ஒவ்வொரு ஸ்டேட்மென்ட் முடிந்ததும் தானாகக் கமிட் ஆவது) ஆனில் இருக்கிறது. ஜேடிபிசியில் இயல்பே அதுதான். டேபிளை 'ஆன் கமிட் டிலீட் ரோஸ்' என்று உருவாக்கியிருப்பீர்கள். இன்சர்ட் முடிந்ததும் கமிட் ஆகி, டேபிள் காலியாகிவிட்டது. இன்சர்ட், செலக்ட் இரண்டும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள், ஒரே கனெக்ஷனில் நடக்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு 'பிரிசர்வ் ரோஸ்' என்று மாற்றிவிடாதீர்கள். கனெக்ஷன் பூல் இருக்கும் இடத்தில் செஷன் சாவதில்லை, அடுத்த பயனருக்குக் கைமாறுகிறது. முந்தையவர் ஏற்றிய எண்கள் உள்ளேயே கிடக்கும். அடுத்தவரின் ரிப்போர்ட்டில் அவர் கேட்காத பொருள்கள் வரும். அப்படி வைக்கத்தான் வேண்டும் என்றால் வேலை தொடங்கும்போதே டேபிளைக் காலி செய்யுங்கள். முடிவில் செய்வதாக வைத்தால் நடுவில் எக்செப்ஷன் வரும் நாளில் அந்த வரி ஓடாது.

டைப் அனுமதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆரக்கிளுடனே வரும் டைப்கள் இருக்கின்றன: சிஸ் ஸ்கீமாவில் ஓடிசிஐ நம்பர் லிஸ்ட், எழுத்துக்கு ஓடிசிஐ வார்சார்2 லிஸ்ட். இரண்டும் 32,767 உறுப்பு வரை தாங்கும் வேரேக்கள் (உச்ச அளவு குறித்த லிஸ்ட் டைப்கள்). உங்கள் 6,240 தாராளமாக அடங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கலெக்ஷனில் எத்தனை எண் வரும் என்று ஆப்டிமைசருக்கு (பிளான் போடும் பகுதிக்கு) தெரியாது. 8 கேபி பிளாக் உள்ள டேட்டாபேஸில் 8,168 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 6,240-க்கு அது கிட்டத்தட்டச் சரி. ஆனால் நாளைக்கு ஒருவர் 15 எண் உள்ள ஃபைலை ஏற்றுவார். அப்போதும் எட்டாயிரம் வரும் என்று நினைத்து ஹேஷ் ஜாயின் போட்டு, இருப்பு டேபிளை முழுக்க ஸ்கேன் செய்யும். இண்டெக்ஸ் சும்மா இருக்கும். கார்டினாலிட்டி ஹின்ட் (எத்தனை ரெக்கார்டு வரும் என்ற குறிப்பு) கொடுத்து 50, 5,000 என இரண்டு வகைக் குவெரியாக வைத்து, லிஸ்டின் நீளம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிய தீர்வு. டெம்பரரி டேபிளுக்கு 12சி முதல் செஷன் அளவிலான ஸ்டாட்ஸ் (எத்தனை ரெக்கார்டு இருக்கிறது போன்ற புள்ளிவிவரம்) உண்டு. அதைத் திரட்டும் டிபிஎம்எஸ் ஸ்டாட்ஸை இன்சர்ட்டுக்குப் பின் ஓட்டலாம், 'டிலீட் ரோஸ்' டேபிளாக இருந்தாலும் 12சி முதல் அது கமிட் செய்யாது. 11ஜியில் கமிட் செய்து டேபிளைக் காலி செய்துவிடும்.

#7 நிழல்சாலை

எஸ்கியூஎல் சர்வர் பகுதி பற்றி.

2,100 என்பது ஒரு அழைப்புக்கான பேராமீட்டர் வரம்பு, எரர் 8003. அதிலும் டிரைவர்கள் எஸ்பி எக்ஸிகியூட் எஸ்கியூஎல் வழியாக அனுப்பும்போது, குவெரி எழுத்துக்கு ஒன்று, பேராமீட்டர் விவரத்துக்கு ஒன்று என இரண்டு போய்விடும். கையில் மிஞ்சுவது 2,098. வரம்பை 2,100 என்று கோடில் எழுதி வைத்தவர்களுக்கு எல்லையில் மட்டும் எரர் வரும்.

பேராமீட்டரை விட்டுவிட்டு எண்களை எழுத்தில் ஒட்டினால் இந்த எரர் போகும், ஆனால் பல்லாயிரம் எண் சேரும்போது 8623 அல்லது 8632 வரும். முதலாவது, பிளான் போட உள்வளம் போதவில்லை என்பது. இரண்டாவது, ஒரு எக்ஸ்பிரஷனுக்கான வரம்பைத் தாண்டியது.

2008 முதல் இருக்கும் டேபிள் வேல்யூட் பேராமீட்டர்தான் இங்கே கலெக்ஷனுக்கு இணை. டேபிள் டைப் ஒன்று உருவாக்குங்கள், எண் பத்திக்குப் பிரைமரி கீ வையுங்கள். மைக்ரோசாஃப்ட் ஜேடிபிசி டிரைவரில் எஸ்கியூஎல் சர்வர் டேட்டா டேபிள் என்ற கிளாஸில் எண்களை நிரப்பி ஒரே பேராமீட்டராக அனுப்பலாம்.

பிரைமரி கீ ஏன் என்றால், பயனரின் எக்செலில் ஒரே எண் இரண்டு முறை இருக்கும். 'இன்' லிஸ்டில் இரட்டை இருந்தால் ஒன்றும் ஆகாது. ஜாயினில் அதே பொருளின் இருப்பு இரண்டு முறை வந்து கூட்டுத்தொகை இரட்டிக்கும். 'இன்'-இலிருந்து ஜாயினுக்கு மாறும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். கீ இருந்தால் இரட்டை எண் எரராகவே வெளிப்படும். ஆரக்கிள் பக்கமும் இதே கதைதான். அனுப்பும் முன் ஜாவாவிலேயே செட்டில் போட்டு இரட்டையை நீக்குங்கள், கீ இல்லாத இடத்தில் ஜாயினுக்குப் பதில் 'எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

டைப் உருவாக்க முடியாத இடத்தில் 2016 முதல் ஓப்பன் ஜேசன் இருக்கிறது. டேட்டாபேஸின் காம்பேட்டிபிலிட்டி லெவல் 130 ஆவது இருக்க வேண்டும். சர்வர் புதிதாக இருந்தும் பழைய டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்த இடத்தில் லெவல் 110-லேயே நிற்கும், ஃபங்ஷனே இல்லை என்று எரர் வரும். 'வித்' பகுதியில் பத்தியின் டைப்பை டேபிளில் இருப்பது போலவே சொல்லுங்கள். பொருள் கோட் வார்சார் ஆக இருந்து நீங்கள் என்வார்சார் என்று விட்டுவிட்டால், பத்திதான் மாற்றப்படும், இண்டெக்ஸ் சீக் போய் ஸ்கேன் வரலாம். ஜேடிபிசி சரங்களை இயல்பாக யூனிகோடாகவே அனுப்பும், ஆகவே ஜாவாக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும். ஓப்பன் ஜேசன் எத்தனை ரெக்கார்டு தந்தாலும் ஆப்டிமைசர் 50 என்றே கணக்கிடும். சில ஆயிரத்துக்கு மேல் போனால் முதலில் ஹேஷ் குறியிட்ட டெம்ப் டேபிளில் கொட்டிவிட்டு அங்கிருந்து ஜாயின் செய்யுங்கள். டெம்ப் டேபிளுக்கு உண்மையான ஸ்டாட்ஸ் உண்டு.

அந்த டெம்ப் டேபிளைப் பேராமீட்டர் உள்ள பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டுக்குள் உருவாக்காதீர்கள். அது உள் ஸ்கோப்பில் ஓடுவதால், ஸ்டேட்மென்ட் முடிந்ததும் டேபிளும் போய்விடும். அடுத்த வரியில் அப்படி ஒரு ஆப்ஜெக்டே இல்லை என்று வரும். சாதாரண ஸ்டேட்மென்டில் உருவாக்கி, பிறகு பிரிப்பேர்டில் நிரப்புங்கள்.

#8 வெண்கலம்

இவ்வளவு தேவையா என்று கேட்கிறேன். லிஸ்டை 1,000 வீதம் வெட்டி, ஏழு தனிக் குவெரியாக ஓட்டி, விடைகளை ஜாவாவில் சேர்த்தால் போதுமே. இரண்டு டேட்டாபேஸிலும் ஒரே கோட். டைப், டெம்ப் டேபிள், ஹின்ட் ஒன்றும் வேண்டாம்.

#9 தறிக்காரன்

ரெக்கார்டை அப்படியே எடுத்துக் காட்டும் குவெரிக்கு அது நியாயமான வழி, எதிர்க்கமாட்டேன். கொள்ளிடம் கேட்டது ரிப்போர்ட். அதில் சராசரி இருந்தால் ஏழு சராசரிகளின் சராசரி தப்பு. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் தனித்தனியாக வாங்கித்தான் வகுக்க வேண்டும். 'கவுண்ட் டிஸ்டிங்க்ட்' என்றால் கூட்டவே முடியாது, ஒரே சப்ளையர் ஏழு துண்டிலும் இருப்பார். முதல் 20 பொருள் என்றால் ஒவ்வொரு துண்டிலும் 20 எடுத்து, 140-ஐ மறுபடி வரிசைப்படுத்த வேண்டும்.

நேரமும் ஒரு சிக்கல். ஆரக்கிளில் ஒரு ஸ்டேட்மென்டுக்குள் எல்லாமே ஒரே கணத்தின் நிலை. ஏழு ஸ்டேட்மென்ட் என்றால் ஏழு கணம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், மூன்றாம் துண்டின் பொருள் ஒன்றும் நான்காம் துண்டின் பொருள் ஒன்றும் ஒரே பில்லில் வெளியே போனால், ஒன்று பழைய இருப்போடும் மற்றது புது இருப்போடும் தெரியும். துண்டுகளாகத்தான் ஓட்டுவேன் என்றால் ஆரக்கிளில் டிரான்ஸாக்ஷனை ரீட் ஒன்லி என்று தொடங்குங்கள். எஸ்கியூஎல் சர்வரில் ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன். அதை டேட்டாபேஸ் அளவில் முதலில் அனுமதித்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீட்.

துண்டின் அளவு 1,000 வேண்டாம், 512 வையுங்கள். 6,240-இல் 12 முழுத் துண்டு, மிச்சம் 96. அந்த 96-ஐ அப்படியே அனுப்பாமல் கடைசி எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டு 128 ஆக்குங்கள். இப்படி 1, 2, 4 … 512 என்ற பத்து நீளங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும், கேஷில் பத்தே பிளான். ஹைபர்நேட்டில் இதற்கென்றே 'இன் கிளாஸ் பேராமீட்டர் பேடிங்' என்ற செட்டிங் இருக்கிறது, இயல்பில் ஆஃபில் இருக்கும்.

#10 பாலாற்றுமணல்

எரர் கொடுக்கும் டேட்டாபேஸ் நல்ல டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே ஆயிரம் வரம்பு கிடையாது, மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்டுக்குள் அடங்கும்வரை லிஸ்ட் ஓடும். ஆனால் ரேஞ்ச் ஆப்டிமைசருக்கு நினைவக வரம்பு உண்டு, இயல்பு 8 எம்பி, அதாவது 83,88,608 பைட். லிஸ்டின் ஒவ்வொரு எண்ணும் ஓர் 'ஆர்' நிபந்தனையாகக் கணக்காகும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 230 பைட். வகுத்தால் 36,000 சொச்சம். அதைத் தாண்டினால் குவெரி நிற்காது. இண்டெக்ஸைக் கைவிட்டு முழு டேபிளையும் படிக்கும், 3170 என்ற வார்னிங் மட்டும் விட்டுவிட்டுப் போகும். வார்னிங்கை எத்தனை அப்ளிகேஷன் படிக்கிறது?

36,000 எங்கே வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். இரண்டு 'இன்' லிஸ்ட் இருந்தால் பெருக்கல். கிளை 200, பொருள் 200 என்று இரண்டு லிஸ்ட் கொடுத்தாலே 40,000. எக்ஸ்பிளெயினில் டைப் 'ஆல்' என்று வந்தால் உடனே ஷோ வார்னிங்ஸ் போட்டுப் பாருங்கள். ரேஞ்ச் ஆப்டிமைசர் மேக்ஸ் மெம் சைஸை அந்த செஷனுக்கு மட்டும் உயர்த்தலாம். 0 என்றால் வரம்பே இல்லை. நிரந்தரத் தீர்வு இங்கேயும் டெம்பரரி டேபிள்தான்.

#11 ஊசியிலை

செல்போன் ஆப்பில் எஸ்கியூலைட். 'டூ மெனி எஸ்கியூஎல் வேரியபிள்ஸ்' என்று சில போன்களில் மட்டும் வருகிறது, புதுப் போன்களில் வருவதில்லை. ஏன்?

#12 மணிமுத்தாறு

எஸ்கியூலைட் 3.32.0-க்கு முன் பேராமீட்டர் வரம்பு 999. 2020 மே மாதம் வந்த அந்த வெர்ஷனில் 32,766 ஆயிற்று. ஆண்ட்ராய்டு 11-இல் இருப்பது 3.28, 12-இல்தான் 3.32. பழைய போனைக் கணக்கில் எடுத்தால் 999 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜேசன் ஈச் போட்டு ஒரே சரமாக அனுப்பலாம் என்று சொல்வார்கள், 3.38 முதல்தான் அது இயல்பாகச் சேர்க்கப்பட்டது, பழைய போனில் அதை நம்ப முடியாது. ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் டெம்ப் டேபிளில் நிரப்புவதே எல்லாப் போனிலும் ஓடும்.

'இன்' இல்லாமல் 'ஆர்', 'ஆர்' என்று சங்கிலி கட்டியிருந்தால் எக்ஸ்பிரஷன் ஆழம் 1,000 என்ற இன்னொரு வரம்பு இடிக்கும். ஒவ்வொரு 'ஆர்'-உம் முந்தையதன் மேல் ஏறி உட்காருவதால் ஆழம் எண்ணிக்கை அளவுக்கு வளர்கிறது. 'இன்' லிஸ்ட் தட்டையானது, ஆழம் கூட்டாது. நிபந்தனைகள் வேறு வேறு பத்திகள் மேல் இருந்து 'இன்' ஆக்க முடியாவிட்டால், இரண்டு இரண்டாக அடைப்புக்குறி போட்டு மரத்தைச் சமப்படுத்துங்கள். ஆயிரம் நிபந்தனைக்கு 'ஆர்'-இன் ஆழம் பத்தில் நிற்கும்.

#13 கொள்ளிடம்

அருமை. ஆரக்கிளில் ஓடிசிஐ நம்பர் லிஸ்ட் வழியாக மாற்றினேன், ஒரே பைண்ட், ஹின்டும் வைத்தாயிற்று. இன்னும் ஒன்று: அடுத்த ரிப்போர்ட்டில் பொருள் மட்டும் இல்லை, (கிளை, பொருள்) ஜோடிகள் வரும். எஸ்கியூஎல் சர்வரில் ஜோடி 'இன்' ஏற்கவில்லை. இதைப் போஸ்ட்கிரெஸுக்கும் கொண்டுபோகும் பேச்சு இருக்கிறது.

#14 நிழல்சாலை

எஸ்கியூஎல் சர்வரில் ஜோடி 'இன்' கிடையாது. டேபிள் டைப்பில் இரண்டு பத்தி, இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ, குவெரியில் 'எக்ஸிஸ்ட்ஸ்'. கிளை இன் (…) அண்ட் பொருள் இன் (…) என்று பிரித்து எழுதிவிடாதீர்கள்; (7, 101), (9, 205) கேட்டவருக்கு (7, 205)-உம் சேர்ந்து வரும்.

போஸ்ட்கிரெஸில் பேராமீட்டர் எண்ணிக்கை புரோட்டோகாலில் இரண்டு பைட், ஆகவே 65,535. அரே அனுப்பினால் அந்தக் கணக்கே வேண்டாம். ஒற்றை லிஸ்டுக்கு பொருள் = எனி(அரே). ஜோடிக்கு இரண்டு அரே, ஒரே அன்நெஸ்டுக்குள் இரண்டையும் கொடுத்தால் பக்கத்தில் பக்கமாக விரியும். அரேயின் நீளம் முன்கூட்டித் தெரியாத ஜெனரிக் பிளானில் 10 உறுப்பு என்றே கணக்கிடும். ஆறாவது முறை ஓடும்போது திடீரென்று மெதுவானால் காரணம் இதுவாக இருக்கலாம், பிளான் கேஷ் மோடைக் கஸ்டம் என்று வைத்துப் பாருங்கள். டெம்ப் டேபிள் வழி போனால் நிரப்பியதும் நீங்களே அனலைஸ் ஓட்டுங்கள், ஆட்டோவேக்யூம் டெம்ப் டேபிளைத் தொடாது.

இரண்டு அரேயும் ஒரே நீளமா என்று அனுப்பும் முன் சோதியுங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் எரர் தராது, மிச்சத்தை நல் போட்டு நிரப்பிவிடும். எக்செலில் கிளை காலியாக விட்ட ஒரு வரியை நடுவில் ஒரு அரேயில் மட்டும் தவிர்த்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லா ஜோடியும் ஒரு படி நகர்ந்து, தப்பான கிளையோடு தப்பான பொருள் சேரும். வரியைத் தவிர்ப்பதாக இருந்தால் இரண்டு அரேயிலிருந்தும் சேர்த்தே தவிருங்கள்.